மாலை ஆறு மணிக்குப் பிறகு

தமிழில் திரைக்கதை எழுதுகிறவர்களுக்கும் படம் இயக்குகிறவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள படைப்பாளர்களே,

1992 பொங்கலுக்கு வந்த 'மன்னன்' படத்தின் முடிவு உங்களுக்கு நினைவிருக்கும். விஜயசாந்தி நடித்த சாந்திதேவி ஒரு பெரிய தொழிலதிபர். படம் முடியும்போது நிர்வாகத்தைக் கணவன் கையில் கொடுத்துவிட்டு, வீட்டுப் பொறுப்பை எடுத்துக்கொண்டு, அவனை வேலைக்கு வழியனுப்பும் மனைவியாகிறார். அவருடைய திமிர் அடங்கியதற்கு அதுதான் அடையாளம் என்று படம் சொன்னது, தியேட்டர் கைதட்டியது. திமிர் பிடித்த ஆண் முதலாளிகளும் நம் படங்களில் எத்தனையோ பேர் திருந்தியிருக்கிறார்கள். திருந்திய பிறகு தொழிலை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டோடு இருந்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

முப்பது வருடத்துக்கு முந்தைய ஒரு படத்தோடு வழக்குப் பேச இந்த மடலை எழுதவில்லை. வேலைக்குப் போகும் பெண்ணை இன்று எழுதும்போதும் உங்களில் பலர் அதே இடத்தில்தான் நிற்கிறீர்கள். ஒரு பக்கம் அவள் வேலை, மறுபக்கம் அவள் வீடு, நடுவில் அவள் மனம். எதை விடப்போகிறாள் என்பதுதான் இடைவேளைக்குப் பிறகான கதை. அவள் தவிப்பதை நெருங்கிப் படமெடுக்கிறீர்கள். அந்தத் தவிப்பு எங்கிருந்து வருகிறது என்று கேமராவைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

வேலையையும் குடும்பத்தையும் சேர்த்து நடத்துவதை ஒரு பெண்ணின் குணம் போலவே நாம் பேசிப் பழகிவிட்டோம். பொறுமைசாலிக்கு அது கைகூடும், பிடிவாதக்காரிக்குக் கூடாது என்பதுபோல. நடைமுறையில் அது ஆட்களையும் நேரத்தையும் பற்றிய விஷயம். காலையில் மாவு கரைப்பது யார், பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றுவது யார், வேன் திரும்பி வரும்போது வாசலில் நிற்பது யார், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யாருடைய அலுவலகத்தில் பர்மிஷன் கேட்கப்படுகிறது. ஒன்றிய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒருவர் ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார். அந்த வேலையில் ஈடுபடும் ஆண் செலவிடுவது 88 நிமிடம். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருக்கும் மூன்று மணி நேரத்துக்கு மேலான இடைவெளியில்தான் உங்கள் கதாநாயகி தவிக்கிறாள். அந்த இடைவெளி படத்தில் தெரிவதே இல்லை.

இந்தப் பேச்சை கே. பாலசந்தரைத் தொடாமல் பேச முடியாது. 'இருகோடுகள்' (1969) படத்தில் சௌகார் ஜானகியை மாவட்ட ஆட்சியர் நாற்காலியில் உட்கார வைத்து, அவருடைய கணவனை அதே அலுவலகத்தில் எழுத்தராக நிறுத்தினார். அந்தத் துணிச்சலின் அளவு தெரிய வேண்டுமானால் அதற்கு முந்தைய கதையைப் பார்க்க வேண்டும். சுதந்திர இந்தியாவின் முதல் பெண் ஐ.ஏ.எஸ். அதிகாரியான அன்னா ராஜம், 1951ஆம் ஆண்டுத் தொகுதியில் தேர்வாகிச் சென்னை மாகாணத்தில்தான் பணியில் சேர்ந்தார். திருமணம் செய்துகொண்டால் வேலை போய்விடும் என்ற நிபந்தனை அவருடைய நியமன ஆணையிலேயே இருந்தது. அந்த விதி பின்னால் நீக்கப்பட்டது. வெளியுறவுப் பணியில் இருந்த சி.பி. முத்தம்மா, பெண் அதிகாரி திருமணத்துக்கு முன் அரசிடம் அனுமதி வாங்க வேண்டும் என்ற விதியை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 1979இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த விதியைக் கடுமையாகச் சாடினார். விமானப் பணிப்பெண் முதல் முறை கருவுற்றதுமே அவரை வேலையிலிருந்து நீக்கலாம் என்ற விதி 1981இல்தான் உச்ச நீதிமன்றத்தில் செல்லாமல் போனது.

இதையெல்லாம் சொல்லக் காரணம் இருக்கிறது. வேலையா குடும்பமா என்ற கேள்வி எந்தப் பெண்ணும் தானாக யோசித்துக் கண்டுபிடித்தது இல்லை. அரசாங்கமும் நிறுவனங்களும் விதியாக எழுதிக் கையில் கொடுத்த கேள்வி அது. அந்த விதிப் புத்தகத்தைத் தமிழ்த் திரை காட்டவில்லை. கேள்வியை மட்டும் எடுத்து அவளுடைய மனப் போராட்டமாக்கிவிட்டது.

'அவள் ஒரு தொடர்கதை' (1974) கவிதாவை யாரால் மறக்க முடியும்? குடித்துத் திரியும் அண்ணன், அவன் மனைவி மக்கள், விதவையாகி வீட்டுக்கு வந்த தங்கை, கண் தெரியாத தம்பி, இத்தனை பேருக்கும் ஒரே சம்பளம். கவிதாவாக நடித்த சுஜாதாவின் முகத்தில் இருந்த அந்தக் கடுமை, வீட்டைத் தாங்கிய எத்தனையோ மூத்த பெண்களின் முகம். அவளுடைய சம்பளத்துக்கு வீடு பயப்படுகிறது, மரியாதை தருகிறது. அவளோடு ஒட்டி உட்கார்ந்து பேச மட்டும் தயங்குகிறது. இவ்வளவு நுட்பமாகச் சம்பாதிக்கும் பெண்ணின் தனிமையைச் சொன்ன படம் அதற்குப் பிறகு குறைவு. காதலித்தவனைத் தங்கைக்கு விட்டுக்கொடுத்து, தன் கல்யாணம் கூடிவரும் நேரத்தில் அண்ணனையும் இழந்து, மாப்பிள்ளையை அடுத்த தங்கைக்குக் கொடுத்துவிட்டு, கவிதா மறுபடியும் வேலைக்குக் கிளம்புகிறாள். அந்த ஒரு வீட்டின் நிலைமையில் அது நியாயமான முடிவு.

வருத்தம் அதற்குப் பின் நடந்ததில்தான். ஒரு வீட்டின் கதை, வேலைக்குப் போகும் பெண் எல்லோருக்கும் இலக்கணமாகிப் போனது. 'சிந்து பைரவி' (1985) சிந்து, பெற்ற பிள்ளையைக் கொடுத்துவிட்டு ஊரை விட்டுப் போகிறாள். அந்த வேடத்துக்கு சுஹாசினிக்குத் தேசிய விருது கிடைத்தது. 'மனதில் உறுதி வேண்டும்' (1987) நந்தினி செவிலியர். தன்னைப் பிரிந்த கணவனுக்குச் சிறுநீரகத்தைத் தானம் செய்கிறாள், கடைசியில் பணியையே வாழ்க்கையாக்கிக்கொள்கிறாள். காதலை, பிள்ளையை, உடலின் ஒரு பாகத்தையே கொடுத்தால்தான் உழைக்கும் பெண் உயர்ந்தவள் என்று ஒரு தலைமுறை பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. என் வயதுப் பெண்கள் அந்தப் பாடத்தோடுதான் முதல் வேலைக்குப் போனோம். சம்பளம் வாங்கியதற்காக வீட்டில் மன்னிப்புக் கேட்பதுபோல இரண்டு மடங்கு வேலை செய்தோம்.

ஆனால் அதே பாலசந்தர் நடுவில் 'அவர்கள்' (1977) எடுத்தார். உங்களில் எழுதிக்கொண்டிருக்கும் ஒவ்வொருவரும் அதைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அனு, கொடுமைக்காரக் கணவனிடமிருந்து விவாகரத்து வாங்கி, கைக்குழந்தையோடு தனியாக நின்று வேலைக்குப் போகிறாள். அவள் அலுவலகத்தில் இருக்கும் நேரத்தில் குழந்தை என்ன ஆகும் என்று அந்தப் படம் யோசித்திருக்கிறது. முன்னாள் கணவனின் தாய், தான் யாரென்று சொல்லாமல், அவள் வீட்டுக்கு வேலைக்காரியாக வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார். மகன் செய்த பாவத்துக்கு அந்த அம்மா செய்யும் பரிகாரம் என்று அதைப் படிக்கலாம். நான் அதை வேறு விதமாகவும் படிக்கிறேன். ஒரு பெண் வேலைக்குப் போக வேண்டுமென்றால் இன்னொருவர் வீட்டில் இருந்தாக வேண்டும் என்ற உண்மை அங்கே ஒரு பாத்திரமாகவே நடமாடுகிறது. கடைசியில் அனு யாரையும் கட்டிக்கொள்ளாமல் ரயில் ஏறுகிறாள், அந்த மாமியார் கூடவே போகிறார். லீலாவதி நடித்த அந்தப் பாத்திரத்தைப் போல இன்னொன்று நமக்கு வாய்க்கவில்லை.

தமிழ்நாட்டு வீடுகளில் இது அன்றாடக் காட்சி. அம்மாவோ மாமியாரோ பக்கத்தில் இருப்பதால்தான் வங்கியிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் ஐ.டி. கம்பெனியிலும் இத்தனை பெண்கள் வேலை பார்க்கிறார்கள். முழங்கால் வலியோடு பேரனைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறும் அந்தப் பாட்டிகளுக்கு உங்கள் படங்களில் என்ன இடம்? ஒன்று கொடுமைக்காரி, இல்லையென்றால் சாமி அறையில் கைகூப்பி நிற்கும் படம். அவர்களுக்கும் வயதாகிறது, அவர்களுக்கும் ஓய்வு வேண்டும், பேரப்பிள்ளையை வளர்ப்பதில் சந்தோஷமும் சலிப்பும் சேர்ந்தே இருக்கிறது. இதில் ஒரு முழுப் படத்துக்குக் கதை இருக்கிறது.

மனைவி கூடுதலாகச் சம்பாதித்தால் கணவன் என்ன ஆகிறான் என்பதையும் நம் படங்கள் தொட்டிருக்கின்றன. முத்துராமனும் ஜெயலலிதாவும் நடித்த 'சூரியகாந்தி' (1973) அந்தக் கணவனின் தாழ்வு மனப்பான்மையையே கதையாக வைத்தது. அதற்குப் பத்தாண்டு முன்பே வங்காளத்தில் சத்யஜித் ராய் 'மகாநகர்' (1963) எடுத்துவிட்டார். வீட்டுக்கு வீடு போய்ப் பின்னல் இயந்திரம் விற்கும் ஆரதி, கணவனின் வேலை போனபிறகு குடும்பத்தின் ஒரே சம்பளக்காரி ஆகிறாள். மாமனாருக்குப் பிடிக்கவில்லை, கணவனுக்குச் சங்கடம். இருந்தும், உடன் வேலை பார்க்கும் ஆங்கிலோ இந்தியப் பெண்ணுக்கு முதலாளி அநியாயம் செய்தபோது, ஆரதி அதை எதிர்த்து வேலையை விடுகிறாள். அவள் வேலையை விட்டதற்குக் காரணம் வேலையிடத்தின் நியாயம். குடும்பத்துக்காக விட்டதாக ராய் எழுதவில்லை. அவளுக்கு அலுவலகத்தில் தோழி இருக்கிறாள், தன்மானம் இருக்கிறது, கருத்து இருக்கிறது. உங்கள் கதாநாயகிகளில் எத்தனை பேருக்கு அலுவலகத்தில் ஒரு தோழிக்கு மேல் யாராவது இருக்கிறார்கள்? அந்தத் தோழியும் காதலைப் பற்றிக் கேட்பதற்காகவே வந்துபோகிறாள்.

அந்தக் குறையை ஒரு முறை நன்றாகவே தீர்த்திருக்கிறோம். சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கி, கமல்ஹாசன் தயாரித்த 'மகளிர் மட்டும்' (1994) ஹாலிவுட் படமொன்றின் தாக்கத்தில் உருவானதுதான். ஆனாலும் ரேவதியும் ஊர்வசியும் ரோகிணியும் மூன்று வெவ்வேறு வாழ்க்கையிலிருந்து ஒரே அலுவலகத்துக்குள் வருகிறார்கள். துப்புரவு வேலை செய்யும் பெண்ணும் கதாநாயகிகளில் ஒருத்தி. மேலதிகாரியின் அத்துமீறல் மூவருக்கும் பொதுப் பிரச்சினை. தனித்தனியாக அழாமல் சேர்ந்து யோசிக்கிறார்கள். வேலையிடத்தில் பாலியல் தொல்லை பற்றிய உச்ச நீதிமன்றத்தின் விசாகா தீர்ப்பு வந்தது 1997இல். அதற்கு மூன்று வருடம் முன்பே ஒரு தமிழ்ப் படம் இதை எல்லோரையும் சிரிக்க வைத்துச் சொல்லிவிட்டது. அது தனிப்படமாகவே நின்றுபோனது பெரிய இழப்பு.

சமீப காலத்துக்கு வருகிறேன். '36 வயதினிலே' (2015), 'காற்றின் மொழி' (2018) இரண்டும் எனக்குப் பிடித்த படங்கள். ஜோதிகா திரும்பி வந்ததே எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு தைரியம். முதல் படத்தில், வருவாய்த் துறை ஊழியரான வசந்தியை அயர்லாந்துக்குப் போகும் கணவனும் மகளும் விட்டுவிட்டுப் போகிறார்கள். பிறகு அவளைக் கூப்பிடும்போது, அங்கே வீட்டு வேலைக்கு ஆள் வைப்பது கட்டுப்படியாகாது என்பதும் காரணமாக இருக்கிறது. சம்பளமில்லாத உழைப்புக்கு ஒரு விலை உண்டு என்று தமிழ்ப் படம் அவ்வளவு பச்சையாகச் சொன்னதில்லை. ஆனால் மாடித் தோட்டத்தில் அவள் அடையும் வெற்றி எப்படி வருகிறது என்று பாருங்கள். கணவனும் மகளும் கடல் தாண்டிப் போனபிறகு, வீடு காலியானபிறகு வருகிறது. அவர்கள் இதே வீட்டில் இருந்து, காலைச் சமையலும் பள்ளிக்கூடமும் இருந்து, அதற்கு நடுவில் அவள் மாடித் தோட்டம் போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதுதான் எங்களுக்குத் தேவையான கதை.

'காற்றின் மொழி' அந்தக் கதைக்குள் நுழைகிறது. இரவு நேர வானொலி நிகழ்ச்சி நடத்தும் விஜயலட்சுமி வேலைக்குப் போகிறாள், வீட்டில் உரசல் தொடங்குகிறது, மகன் பள்ளியில் தப்புச் செய்து மாட்டிக்கொள்கிறான், பழி அம்மாவின் வேலைமேல் விழுகிறது. மகன் தப்புச் செய்த அந்த நாட்களில் அப்பாவும் அதே வீட்டில்தான் இருந்தார். அவருடைய வேலையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பிள்ளை வழி தவறினால் அம்மாவின் சம்பளத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் திரைக்கதைகளின் மிகப் பழைய வழக்கம். இதை எழுதும்போது தயவுசெய்து நிறுத்தி யோசியுங்கள், ஏனென்றால் படம் பார்த்துவிட்டு வீடு திரும்பும் வழியிலேயே எங்களிடம் அது மேற்கோளாகச் சொல்லப்படுகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த இரண்டு படங்களும் மறு ஆக்கம், ஒன்று மலையாளத்திலிருந்து, மற்றது இந்தியிலிருந்து. கல்யாணமாகி வேலைக்குப் போகும் தமிழ்ப் பெண்ணைப் பற்றி எழுத நமக்கு அக்கம்பக்க மொழிகள் வழிகாட்ட வேண்டியிருக்கிறது.

இந்தச் சிக்கலிலிருந்து தப்பிக்க நீங்கள் கண்டுபிடித்த இன்னொரு வழி, அவளுக்கு வீடே வைக்காமல் விடுவது. 'அறம்' (2017) மதிவதனி நேர்மையான ஆட்சியர். அந்தப் படத்தின் நோக்கம் வேறு, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சீருடைக்கும் அதிகாரத்துக்கும் பின்னால் குடும்பம் இல்லாத பெண்கள் வரிசையாக வரும்போது, அதிகாரத்தில் இருப்பவளுக்கு வீடு இருக்கக் கூடாது என்ற செய்தி தானாகப் போய்ச் சேர்கிறது. ஆண் காவல்துறை அதிகாரிக்கு மட்டும் மனைவி, மகள், பிறந்தநாள் கேக் எல்லாம் இருக்கிறது.

ராமின் 'தரமணி' (2017) ஆல்தியாவுக்கு வீடு உண்டு, மகன் உண்டு, கார்ப்பரேட் வேலை உண்டு. அவள் நேரங்கழித்து வருவதையும் அலைபேசியில் பேசுவதையும் சந்தேகமாகப் பார்க்கும் ஆணை அந்தப் படம் கூசாமல் காட்டியது. சுதா கொங்கராவின் 'சூரரைப் போற்று' (2020) பொம்மிக்கு ஒரு பேக்கரி இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகும் அது அவளுடைய தொழில்தான். கையில் காசில்லாத கணவன் மனைவியிடம் பணம் கேட்கக் கூசி நிற்கும் காட்சியில், அவன் கூச்சமும் தெரிகிறது, அவள் அதைச் சாதாரணமாகக் கடக்கும் விதமும் தெரிகிறது. யாரும் யாருக்காகவும் தொழிலை மூடவில்லை. பெரிய வசனம் இல்லாமலே அது நடக்கிறது.

படித்த, நடுத்தர வீட்டுப் பெண்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் பாதிதான் சொன்னதாகும். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்று அரசின் தொழிற்சாலைக் கணக்கெடுப்பு சொல்கிறது. திருப்பூரில் தைக்கிறவர்கள், ஆம்பூரில் காலணி செய்கிறவர்கள், ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் பாகங்களைப் பொருத்துகிறவர்கள். திருமணமான பெண்களைச் செல்போன் ஆலை வேலைக்கு எடுக்க மறுக்கிறார்கள் என்று 2024இல் செய்தி வந்தது, ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. அன்னா ராஜம் கையில் வாங்கிய அந்த ஆணையின் வாசகம் எழுபது வருடம் கழித்து இன்னொரு வாசலில் எழுதாமலே நடைமுறையாக இருக்கிறது என்றால், அதைவிடப் பெரிய திரைக்கதை எங்கே கிடைக்கும்? வசந்தபாலன் 'அங்காடித் தெரு' (2010) எடுத்தபோது, நாள் முழுக்க நின்றுகொண்டே விற்கும் பெண்களின் காலை நாம் திரையில் பார்த்தோம். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது 2021இல். படம்தான் சட்டத்தைக் கொண்டுவந்தது என்று சொல்லவில்லை. சட்டம் பேசுவதற்குப் பதினோரு வருடம் முன்பே ஒரு படம் பேசியது.

அப்படிப் பார்க்க வேண்டியவை இன்னும் எவ்வளவோ இருக்கின்றன. 2017 சட்டத்திருத்தம் 26 வார மகப்பேறு விடுப்பைத் தந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. ஒரு காப்பகத்தையாவது நம் படத்தில் காட்டியிருக்கிறோமா? விடுப்பு முடிந்து முதல் நாள் அலுவலகம் வரும் பெண், தாய்ப்பாலை எடுக்க ஒரு மறைவிடம் தேடுவதை எழுதியிருக்கிறோமா? அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம், விடிகாலையில் கம்பெனி பஸ் பிடிக்கும் தாயின் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்துகிறது. மகளிருக்குக் கட்டணமில்லாப் பேருந்து வந்தபிறகு எந்த வேலைக்கு எவ்வளவு தூரம் போகலாம் என்ற கணக்கே மாறியிருக்கிறது. இவையெல்லாம் அரசியல் மேடைகளில் பேசப்படுகின்றன. ஒரு பெண்ணின் ஒரு நாளுக்குள் இவை என்ன செய்கின்றன என்று காட்டக் கூடியவர்கள் நீங்கள்தான்.

உங்கள் சொந்த வேலையிடத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். தமிழில் பெண்கள் ஆரம்பத்திலேயே இயக்க வந்துவிட்டார்கள். டி.பி. ராஜலட்சுமி 1936இல் 'மிஸ் கமலா'வை இயக்கினார், பானுமதி 1953இல் 'சண்டிராணி'யை மூன்று மொழிகளில் இயக்கினார். இருவரும் குடும்பமும் குழந்தையும் உள்ளவர்கள். இவ்வளவு முன்னால் தொடங்கிய ஒரு துறையில் இன்று பெண் இயக்குநர்களின் பெயரை மூச்சுவிடாமல் சொல்லி முடித்துவிடலாம். விடிகாலை தொடங்கி எப்போது முடியும் என்று தெரியாத படப்பிடிப்பில், கைக்குழந்தை உள்ள ஒரு பெண் உதவி இயக்குநராக எப்படித் தாக்குப்பிடிப்பார்? கேரளத் திரையுலகில் பெண்களின் நிலை பற்றி 2024இல் வெளியான ஹேமா குழு அறிக்கை, படப்பிடிப்புத் தளங்களில் பெண்களுக்குக் கழிப்பறைகூட இல்லாததைப் பதிவு செய்தது. உங்கள் தளங்களின் நிலைமை உங்களுக்குத் தெரியும். தாயான நடிகை எட்டு மணி நேர வேலை கேட்டால் அதைத் திமிர் என்று எழுதும் ஒரு துறை, வேலையையும் வீட்டையும் சேர்த்து நடத்தும் பெண்ணைப் பற்றி உண்மையாக எழுதுவது கடினம்.

உங்களிடம் புதுமைப்பெண்ணைக் கேட்கவில்லை. எல்லாவற்றையும் ஒற்றைக் கையால் சமாளித்து, முடி கலையாமல் மேடையேறி விருது வாங்கும் பெண்ணும் எங்களுக்கு வேண்டாம். அவள் எங்களை இன்னும் களைப்பாக்குகிறாள். தோற்கிறவளை எழுதுங்கள், வேலையைப் பிடிக்காமல் விடுகிறவளை எழுதுங்கள், வீட்டில் இருப்பதையே விரும்பித் தேர்ந்தெடுக்கிறவளையும் மரியாதையோடு எழுதுங்கள். எதை எழுதினாலும் அவளைச் சுற்றி இருப்பவர்களையும் அவள் கடிகாரத்தையும் சேர்த்து எழுதுங்கள். எழுதும் மேசையில் பெண்களை உட்கார வையுங்கள், அவர்கள் வீடு திரும்பும் நேரத்தை மதியுங்கள்.

இப்போது உங்கள் கையில் இருக்கும் கதையில் வேலைக்குப் போகும் மனைவி ஒருத்தி இருந்தால், படப்பிடிப்புக்குக் கிளம்பும் முன் அவள் கணவனுக்கு வீட்டில் ஒரு வேலை எழுதிவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் படங்களை முதல் வாரமே பார்த்துவிடும் ஒரு ரசிகை